ஐந்து நிமிடம் பிந்திய அருவி

பேச்சிராஜைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. இதை அவன் முகத்துக்கு நேரேயே பலமுறை சொல்லியிருக்கிறேன். அதனால் இங்கே எழுதுவதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. ராயகிரிக்காரன். அப்பா சுந்தரபாண்டிக்கு அங்கே கொஞ்சம் வயல், நெல் விவசாயம். மகன் சிவகிரியில் பள்ளிக்கூடம், தென்காசியில் டிப்ளமோ என்று படித்து முடித்து, இப்போது தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடி அறையில் கேமரா, நெட்வொர்க் வேலைகள் எடுத்துச் செய்கிறான். வயது முப்பத்தொன்று, உயரம் ஆறடி. குற்றாலத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஒருநாளும் அருவியில் தலையைக் கொடுத்ததில்லை. கூட்டாளிகள் எல்லோரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உள்ளே போனால், இவன் மட்டும் துண்டுக்கும் செருப்புக்கும் காவல் நிற்பான்.

"ஏலே, அஞ்சு வயசுப் பிள்ளைய எல்லாம் நிக்குதுவ, ஒனக்கு என்னலே கேடு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மேல என்ன நடக்குன்னு கீழ நிக்கவனுக்குத் தெரியாதுல்லா எக்கா" என்றான்.

கல்யாணத்தன்று தாலி கட்டுவதற்கு முன்னால் பந்தலுக்குப் பின்பக்கம் போய் ஜெனரேட்டர் வயரை டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு வந்தவன் அவன். ஐயர் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனார். பெண் வீட்டார் மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்றே நினைத்துவிட்டார்கள். பைக்கில் ஏறினால் ஹெல்மெட் வாரை மாட்டுவான், இழுத்துப் பார்ப்பான், பத்தடி போய் நிறுத்தி மறுபடி இழுத்துப் பார்ப்பான். அவன் வேலைக்கு வந்தால் ஒரு மணி நேர வேலை மூன்று மணி நேரம் ஆகும். எனக்குப் பொறுமை கிடையாது. வாய்க்கு வந்தபடி ஏசுவேன், அவனும் சிரித்துக்கொண்டே நாலாவது தடவையும் சரிபார்ப்பான்.

என் பெயர் சுகந்தி. குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் நடுவே மலையடிவாரத்தில் ஒரு தனியார் விடுதியில் கன்ட்ரோல் ரூமில் உட்காரும் வேலை. என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. எனக்கும் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஸ்வாதிக்கும் இந்த வேலைதான் சோறு. விடுதிக்குள் சின்னதாக ஒரு அருவி உண்டு, லீவு நாளில் அறுபது பேர் வரை குளிப்பார்கள். அந்த அருவிக்குத் தண்ணீர் வரும் ஓடை மேலே ஓர் எஸ்டேட்டுக்குள் இருந்து இறங்குகிறது. நம் ஊர்த் தண்ணீரின் குணம் தெரிந்ததுதானே. கீழே வெயில் சுள்ளென்று அடிக்கும். மேலே மலையில் மழை கொட்டும். அடுத்த கால் மணி நேரத்தில் மண்ணும் மரமும் சேர்ந்து வந்து குளிப்பவர்களை வாரிக்கொண்டு போய்விடும்.

அதற்காகத்தான் மேலே எஸ்டேட்டில் ஓடைக்கு நேராக ஒரு கேமரா வைத்தோம். ஓடையின் நடுவே ஒரு பெரிய பாறை, அதில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் கோட்டைத் தொட்டால் நான் கீழே சைரனை அமுக்க வேண்டும், அவ்வளவுதான் என் உத்தியோகம். எஸ்டேட்டில் ஒரு பெட்டி, எங்களிடம் ஒரு பெட்டி. இரண்டுக்கும் நடுவே வி.பி.என். என்று பேச்சிராஜ் போட்டுக் கொடுத்தான். எல்லோருக்கும் பொதுவான இன்டர்நெட்டுக்குள்ளேயே நமக்கு மட்டும் ஒரு தனிக் குழாய், வெளியாள் எவனும் எட்டிப் பார்க்க முடியாது என்று விளக்கினான். அவன் அதை டன்னல் என்பான், நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன்.

போட்டுக் கொடுத்ததோடு விட்டானா, இல்லை. மேலே பாறையிலிருந்து ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கேனை ஓடையில் போட்டு, கீழே வந்து சேர எத்தனை நிமிடம் என்று பார்த்தான். ஒருமுறை அல்ல, மூன்று மாதத்தில் பதினொரு முறை. வெள்ளம் போன நாளில் பன்னிரண்டு நிமிடம். அப்புறம் விடுமுறை நாளில் சைரன் அடித்து, குளிப்பவர்கள் அத்தனை பேரும் படியேறி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தோடு நின்றான். ஏழு நிமிடம். பன்னிரண்டில் ஏழு போனால் மிச்சம் ஐந்து. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி என் மேஜைக்கு மேலே ஒட்டினான். ஐந்து நிமிடம் என்று பெரிதாக, சிவப்பு மையில் எழுதியிருந்தான்.

"இது என்னத்துக்குலே?" என்றேன்.

"படம் அஞ்சு நிமிஷத்துக்கு மேல பிந்தி வந்துச்சுன்னா, கோட்டைப் பாத்து நீங்க அமுக்கியும் பிரயோசனம் இல்ல எக்கா. அது பழைய தண்ணி."

சுவரில் அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புதான் வரும்.

போன ஆயுதபூஜைக்கு மறுநாள், விஜயதசமி. லீவு, விடுதி நிரம்பி வழிகிறது. ஸ்வாதியும் வந்திருந்தாள். மேனேஜர் ஜெகதீஸ்வரன் சார் நல்ல மனதோடு, பிள்ளை குளிக்கட்டும் என்று விட்டிருந்தார். காலை ஒன்பது மணிக்குப் படத்தைத் திறந்தபோதே விக்கி விக்கி வந்தது. படத்தின் மூலையில் மேலே உள்ள கேமராவின் நேரம் ஓடும். ஒன்பது ஐம்பதுக்குச் சுவர்க் கடிகாரத்தையும் அதையும் ஒத்துப் பார்த்தேன், ஒரு நிமிடம் பிந்தியிருந்தது. உடனே பேச்சிராஜுக்குப் போன் போட்டேன். லீவு நாளில் கூப்பிடுகிறீர்களே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து இருபதுக்கு வந்து நின்றான். அதற்குள் மூன்று நிமிடம் பிந்திவிட்டது.

லேப்டாப்பை விரித்தான். எங்கள் விடுதி இன்டர்நெட்டைத் தனியாகச் சோதித்தான், குதிரை மாதிரி ஓடியது. டன்னலுக்குள் போட்டுப் பார்த்தான், ஊர்ந்தது. அவன் கழுத்தில் வியர்வை இறங்குவதை நான் பார்த்தேன்.

"எக்கா, மேல உள்ள பெட்டியை யாரும் தொட்டாவளா? நெசமா சொல்லுங்க."

அப்போது மணி பத்து இருபத்து நாலு. அந்த நேரம் எனக்கு மறக்காது.

தொட்டார்கள், தொடச் சொன்னதே நான்தான். முந்தின நாள் ஆயுதபூஜைக்கு எங்கள் அறையில் மவுஸ், கீபோர்டு, சைரன் பொத்தான் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். மேலே எஸ்டேட்டுக்குப் போன ஜீப்பில் ஒரு சந்தனப் பொட்டலம் கொடுத்துவிட்டு, வாட்ச்மேன் அருமைநாயகம் அண்ணாச்சிக்குப் போனில் சொன்னேன்: "அண்ணாச்சி, மேலாப்புல தொடச்சாப் போதாது. ஒயரை எல்லாம் கழட்டி, நல்லா தூசி தட்டி, ஒவ்வொண்ணுக்கும் பொட்டு வையுங்க. பிள்ளையளைக் காப்பாத்துத பெட்டில்லா அது." பாவம், அவர் நான் சொன்னபடியே செய்திருந்தார்.

ஆனால் அந்தப் பெட்டியை யாரும் தொடக்கூடாது என்று மேனேஜர் உத்தரவு. அருமைநாயகம் அண்ணாச்சிக்கு முன்னால் இருந்த வாட்ச்மேன் செல்போன் சார்ஜ் போட அதைப் பிடுங்கினார் என்று அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜெகதீஸ்வரன் சார் என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

"யாரும் தொடல" என்றேன்.

அவனும் நம்பினான். நம்பிவிட்டுத் தன்மேலேயே சந்தேகப்பட ஆரம்பித்தான். "நான்தான் எக்கா. வியாழக்கிழமை நான்தான் கை வச்சேன்" என்று முணுமுணுத்தான். படமோ எதுவோ, துண்டு துண்டாகப் பொட்டலம் கட்டித்தான் டன்னலுக்குள் போகுமாம். அந்தப் பொட்டலத்தின் அளவை வியாழக்கிழமை கொஞ்சம் கூட்டி வைத்தானாம். பெரிசாகிப் போனால் வழியில் உடைத்து உடைத்து அனுப்ப வேண்டியிருக்கும், அதனால் வேகம் செத்துப்போகும். பழைய அளவுக்கே திருப்பி வைத்தான். ஒன்றும் மாறவில்லை. பெட்டியை அணைத்துப் போட்டான், அப்பவும் அப்படியேதான். நாலு நிமிடம் பிந்தியது. வெறும் சோதனைக்காக இருநூறு குட்டிப் பொட்டலங்களை மேலே அனுப்பித் திரும்பி வருகிறதா என்று எண்ணினான்.

"பதினாலைக் காணோம்" என்றான்.

மேலே அறையில் உள்ள போனும் அதே வயரில்தான் ஓடுகிறது. மலைமேல் செல்போன் சிக்னல் கிடையாது. அருமைநாயகம் அண்ணாச்சியைக் கூப்பிட்டான். குரல் உடைந்து உடைந்து வந்தது. "எல்லா லை... எரியு... தம்பி. இங்கன மூட... இருக்கு. ஒண்ணும் தெரிய... இடி மட்டும்..." பாறை அவர் அறையிலிருந்து அட்டை கடிக்கும் காட்டுப் பாதையில் இருபது நிமிட நடை. அவரோ முட்டி வலிக்காரர். போய்ப் பார்த்துத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஜன்னல் வழியே கீழே பார்த்தேன். நல்ல வெயில். பிள்ளைகள் கத்துகிற சத்தம். ஸ்வாதியின் பச்சைச் சுடிதார் அருவிக்கு நேர் கீழே தெரிந்தது. படத்தில் தண்ணீர் கோட்டுக்கு ஒரு முழம் கீழே சாதுவாக ஓடிக்கொண்டிருந்தது. பத்து முப்பத்தெட்டு. படத்தின் மூலையில் பத்து முப்பத்துமூன்று.

பேச்சிராஜ் தலையைத் தூக்கிச் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தான். "அஞ்சு ஆயிட்டு. சார், எல்லாரையும் ஏத்திருங்க சார்."

"இந்த வெயில்லயா?" என்றார் மேனேஜர். "தண்ணி கோட்டைத் தொடலையே. படம் லேட்டா வந்தா மழை பெய்யுதுன்னு அர்த்தமாப்பா? லீவு நாள்ல ஜனங்களை விரட்டினா என்ன சொல்லுவாங்க?"

மேனேஜர் முன்னால் நிமிர்ந்து பேசக்கூடப் பயப்படுகிறவன் பேச்சிராஜ். கூப்பிட்டால் செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டு வருவான். அவன் எழுந்தான், என் கைக்கு மேலாகக் கையை நீட்டினான், சந்தனப் பொட்டோடு இருந்த சைரன் பொத்தானை அமுக்கினான்.

"யாரைக் கேட்டுய்யா அமுக்கின?" என்று மேனேஜர் பாய்ந்தார்.

"எனக்குப் பயமா இருக்கு சார்" என்றான்.

ஏழு நிமிடத்தில் அறுபது பேரும் மேலே ஏறிவிட்டார்கள். அதற்குப் பிறகு விழுந்த ஏச்சு இருக்கிறதே, அப்பப்பா. ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வந்தோம் என்றார் ஒருவர். வெயிலைக் காட்டி, இதுதான் உங்க ஊர் வெள்ளமா என்று கேட்டார் இன்னொருவர். ஐந்து நிமிடம் பார்ப்போம், ஒன்றும் வரவில்லை என்றால் இறக்கிவிட்டுவிடுவோம் என்று மேனேஜர் அவர்களைச் சமாதானப்படுத்தினார். பிறகு பேச்சிராஜிடம் திரும்பி, இனி இந்தப் பக்கம் வராதே என்றார்.

அவன் காதிலேயே வாங்கவில்லை. தரையில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, "நான் செஞ்ச வேலைதான் எக்கா. எதுவும் ஆச்சுன்னா என்னையத்தான் பிடிச்சு உள்ள போடணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ஆறடி ஆள் குழந்தை மாதிரி கண்ணைத் துடைத்தான். ஜன்னல் வழியே ஸ்வாதி தெரிந்தாள். கடைசிப் படியில் உட்கார்ந்து, எப்போது விடுவார்கள் என்று தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

வேலை போனால் போகட்டும்.

"பேச்சி, நான் பொய் சொல்லிட்டேன். பூசைக்கு ஒயரை எல்லாம் கழட்டித் தொடச்சுச் சந்தனம் வைக்கச் சொன்னேன். அண்ணாச்சி வச்சாரு."

அப்போது பத்து நாற்பத்தேழு. என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "பச்சை முனை உள்ள மெல்லிசு ஒயரையுமா?"

"எல்லாத்தையும்."

அது ஃபைபர். உள்ளே முடி போலக் கண்ணாடி இழை, அதற்குள் வெளிச்சம்தான் ஓடுமாம். முனையில் சந்தனம் ஒட்டினால், மூக்குக்கண்ணாடியில் எண்ணெய் விரல் பட்டது போல வெளிச்சம் மங்கிவிடும். ஆனால் வெளியே எல்லா விளக்கும் எரியும். அவன் போனை எடுத்தான். "அண்ணாச்சி, பச்சை முனை ஒயரைக் கழட்டி, முனையைக் காஞ்ச துணியால தொடச்சு, டக்குன்னு சத்தம் கேக்குற வரைக்கும் திருப்பிச் செருகுங்க. தண்ணி தொடாதீங்க. முனையைக் கண்ணுக்கு நேர வச்சுப் பாக்காதீங்க. கழட்டினதும் இந்தப் போன் செத்துரும், பயப்படாதீங்க." மூன்று முறை சொன்னான். உடைந்த குரலில் மூன்றாவது முறைதான் "சரி" என்று வந்தது. போன் செத்தது, படமும் கறுத்தது.

அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். மேனேஜர் கீழே போயிருந்தார். அவர் கையசைத்ததும் ஜனங்கள் மறுபடி இறங்க ஆரம்பித்தார்கள். பத்து நாற்பத்தொன்பது. "சார், வேண்டாம்!" என்று ஜன்னலில் நின்று கத்தினேன். அருவிச் சத்தத்தில் யார் காதில் விழும்? பேச்சிராஜ் சைரனை அமுக்கினான். அமுக்க அமுக்க, முன்பு அடித்த வெற்று சைரன்தான் மறுபடியும் என்று நினைத்துச் சிரித்தார்கள். ஸ்வாதிதான் முதல் ஆளாக இறங்கினாள்.

பத்து ஐம்பத்திரண்டுக்குப் படம் வந்தது. மூலையிலும் பத்து ஐம்பத்திரண்டு. முழுப் படம், துளி விக்கல் இல்லை. ஆனால் நடுவே பாறை இல்லை. கோடு இல்லை. ஒரே செம்மண் நிறம், அதில் ஒரு முழு மரம் வேரோடு உருண்டு போனது.

நான் எப்படிப் படியிறங்கினேன் என்று எனக்கே தெரியாது. எனக்கு முன்னால், தண்ணீரைக் கண்டாலே ஒதுங்குகிற பேச்சிராஜ், முழங்கால் ஆழத்தில் நின்று, "வெள்ளம் வருது, வெள்ளம் வருது" என்று அடித்தொண்டையில் அலறிக்கொண்டு ஆட்களைத் தள்ளிக்கொண்டிருந்தான். உள்ளே இருந்தது பதின்மூன்று பேர். ஒரு பெரியவர் நகராமல் முறைத்தார், அவரை இடுப்போடு தூக்கிப் படியில் போட்டான். நான் ஸ்வாதியின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். "எம்மா, வலிக்குதும்மா" என்று அழுதாள். முதலில் மண் வாசனை வந்தது. பிறகு ஒரு சத்தம், லாரியில் ஜல்லி கொட்டுவது போல. பத்து ஐம்பத்தாறுக்கு வந்துவிட்டது. குளிக்கிறவர்கள் பிடித்துக்கொள்ளப் போட்டிருந்த இரும்புக் கம்பியை வேரோடு பிடுங்கிக்கொண்டு போனது. அதற்குமேல் அங்கே அருவியே தெரியவில்லை.

பதின்மூன்று பேரையும் எண்ணினேன். மறுபடி எண்ணினேன். பேச்சிராஜ் ஈரத் துணியோடு படியில் உட்கார்ந்து கடகடவென்று நடுங்கினான், மேனேஜர் தன் துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டினார்.

சாயங்காலம் மேலே பதிவான படத்தை ஓட்டிப் பார்த்தான். தண்ணீர் கோட்டைத் தொட்டது பத்து நாற்பத்து நாலுக்கு. அதற்குள் படம் ஏழு நிமிடம் பிந்திவிட்டது, என் திரையில் அது பத்து ஐம்பத்தொன்றுக்குத்தான் தெரிந்திருக்கும். முதல் சைரனை அவன் அமுக்காமல், வழக்கம்போல நான் கோட்டைப் பார்த்து அமுக்கியிருந்தால், அறுபது பேர் ஏறுவதற்கு இரண்டு நிமிடம் குறைந்திருக்கும். அந்த இரண்டு நிமிடத்தில் யார் யார் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன்.

அறிக்கை எழுதினான். ஃபைபர் முனையில் அழுக்கு, சுத்தம் செய்யப்பட்டது என்று ஒரே வரி. சந்தனத்தைப் பற்றியோ என்னைப் பற்றியோ ஒன்றும் இல்லை.

"என் பேரை ஏம்லே எழுதல?" என்றேன்.

"எழுதுனா அடுத்த தடவை எவனாவது தொட்டேன்னு சொல்லுவானா எக்கா? எனக்கு அதுதான் பயமா இருக்கு" என்றான்.

மறுநாள் நானே போய் மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். "நான் இறக்கிவிட்டதை யார்ட்ட போய்ச் சொல்ல?" என்று மட்டும் கேட்டார். என் வேலை போகவில்லை. பேச்சிராஜ் மறுவாரம் வந்து மேலே ஒரு இரும்புக் கூண்டு போட்டு, பெட்டியை உள்ளே வைத்துப் பூட்டினான். பூட்டை நாலு முறை இழுத்துப் பார்த்தான். இப்போது நான் அவனை ஏசுவதில்லை.

ஆனால் ஸ்வாதி இருக்கிறாளே, பள்ளிக்கூடத்தில், பக்கத்து வீட்டில், பஸ்ஸில், பார்க்கிற ஆள் எல்லோரிடமும் ஒரே கதை. "எங்கம்மாதான் என் முடியைப் பிடிச்சு இழுத்துக் காப்பாத்துனாவ" என்று முடியைத் தூக்கிக் காட்டுவாள். பத்து இருபத்து நாலிலிருந்து பத்து நாற்பத்தேழு வரை. இருபத்துமூன்று நிமிடம். அவள் அந்தக் கதையை ஆரம்பிக்கும்போதெல்லாம் நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.